கடாரக் கரையில் அடைக்கலம்

சுங்கை பட்டாணிக்கு வடமேற்கே, ஜெராய் மலையின் தென்சரிவில், மெர்போக் என்னும் சிற்றூரை அடுத்து ஒரு கோயில் இருக்கின்றது. கோயில் என்று நாம் சொல்லுகிறோமேயன்றி, அங்கே மணியோசை இல்லை, குருக்கள் இல்லை, எரியும் திரி ஒன்றேனும் இல்லை. கருங்கல் அடித்தளமும், கருவறையின் சுவரும், மண்டபத் தூண்களைத் தாங்கிய கற்பீடங்களுமே எஞ்சியுள்ளன. மரத்தாலாகிய தூணும் கூரையும் மண்ணோடு மண்ணாய்ப் போயின. மலாய் மக்கள் இதனைச் சண்டி புக்கிட் பத்து பஹாட் என்பர். சண்டி என்பது பழங்கோயில். மற்றது, உளியால் செதுக்கிய கல்லுடைய குன்று என்று பொருள்படும்.

1936, 1937 ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளரும் அவருடைய மனைவியாரும் இப்புஜாங் பள்ளத்தாக்கில் காடு வெட்டி, மண் அகழ்ந்து, கண்ட இடங்களுக்கு எண் இட்டு வந்தபோது இக்கோயில் எட்டாவது இடமாகக் குறிக்கப்பெற்றது. பின்னர் 1959, 1960 ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் என்பாரின் மேற்பார்வையில், சரிந்து கிடந்த கற்கள் எடுத்தடுக்கப்பெற்றன. 1980 இல் அருகிலேயே பொருட்காட்சிசாலை ஏற்பட்டது. பதினோராம் நூற்றாண்டை ஒட்டிய சிவன் கோயில் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஆயினும் கருவறையில் மூர்த்தி இல்லை.

நாம் அங்குச் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, தோட்டப்புறத்துக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. அவருள் மூதாட்டியார் ஒருவர் செருப்பைக் கீழ்ப்படியில் கழற்றிவிட்டு ஏறி, அவ்வெற்றுக் கருவறையின்முன் கைகூப்பி நெடுநேரம் நின்றார். பேரப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, உள்ளே சாமியே இல்லை" என்றான். "இல்லாட்டி என்னய்யா? நம்பி வச்சவன் இருந்தானில்ல" என்றார் அவர்.

நேயர்களே, கடவுளுக்கும் அடியார்க்கும் இடையேயுள்ள நம்பிக்கையைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதியவற்றைச் சிறிது நாமும் படித்திருக்கின்றோம். அவையெல்லாம் பெரும்பாலும் அடியான் ஆண்டவனை நம்பவேண்டும் என்ற அளவில் நின்றுவிடும். ஆண்டவன் அடியானை நம்புவதுண்டோ? அவன் தன் பொருளை மனிதன் கையில் ஒப்புவிக்கும் காலமும் உண்டோ? அவ்வம்மையாரின் விடை நம்மை இந்த வினாவிற் கொண்டுபோய் விட்டது. அதற்கு விடை தேட நாம் வேதாந்தத்திற்குள் நுழையப் போவதில்லை. இக்கடாரக் கரையின் சரித்திரத்திலேயே அது கிடைக்கின்றது.

நம் மொழியில் அடைக்கலம் என்று ஒரு சொல் உண்டு. வலியிழந்தவன் வலியுடையவனிடம் புகுவதும் அடைக்கலம். ஒருவர் தம் பொருளை மற்றொருவர் பொறுப்பிற் கொடுத்துவைப்பதும் அடைக்கலம். இளங்கோவடிகள் இச்சொல்லின் பெயராலேயே ஒரு காதை வகுத்தார். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் அடைக்கலமாகத் தந்தார். கோவலன் கொலையுண்டான், கண்ணகி மதுரையை எரித்து மேற்கே சென்றாள். குற்றம் பாண்டியனுடையது, பொற்கொல்லனுடையது, மாதரி செய்தது யாதுமில்லை. ஆயினும், கையிற் கொடுத்ததைக் காக்கவில்லையே என்று அவள் தீயிற் புகுந்தாள். மோர் விற்று வாழ்ந்த ஒரு கிழவியின் கணக்கு அது. தீயிற் புகுவதை நாம் புகழவில்லை. அக்கணக்கின் கண்டிப்பை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

இனிக் கடலுக்கு வருவோம்.

சோழ நாட்டுத் துறையிலிருந்து வங்கக் கடலைக் குறுக்கே கடந்து வரும் மரக்கலத்திற்கு முதலில் தென்படும் அடையாளங்களுள் ஜெராய் மலையும் ஒன்று. உயரம் 1,200 மீட்டருக்குச் சற்று மேல். கடற்கரையை அடுத்துத் தனியே எழுந்து நிற்பதால் நெடுந்தொலைவிலிருந்தே மாலுமியின் கண்ணில் படும். தென்மேற்குக் காற்றிலே வந்தவன், வடகிழக்குக் காற்று எழுமளவும் இங்கே காத்திருக்கவேண்டும். மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் கலத்தைக் கட்டிவிட்டு, சீனத்துப் பீங்கானையும், அராபியர் கண்ணாடியையும், இந்நாட்டுக் காட்டுப் பொருள்களையும் மாற்றிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கினான். அங்ஙனம் தங்கியவனுக்கு இரு அச்சங்கள். வந்த வழியே திரும்பவேண்டும் என்பது ஒன்று. ஊரில் விட்டு வந்தவர் எப்படியிருக்கின்றனரோ என்பது மற்றொன்று. இரண்டிலும் அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காற்று அவன் கையில் இல்லை.

அவ்வச்சத்தின் எழுத்து ஒன்று நமக்குக் கிடைத்திருக்கின்றது. 1834 இல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பார், இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில், பழைய இடிபாட்டிடையே ஒரு பலகைக்கல்லைக் கண்டெடுத்தார். நடுவில் தூபி ஒன்றின் உருவம். சுற்றிலும் வடமொழி எழுத்து. ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் பெருநாவிகன் அதனைப் பொறித்தான். அறியாமையால் வினை பெருகும், வினையாற் பிறவி வரும், அறிவு வந்தால் வினை சேராது என்ற பௌத்தக் கொள்கையை முதலிற் கூறிவிட்டு, அடுத்துத் தன் கடற்பயணம் எவ்வாற்றானும் இனிது முடிக என்று வேண்டுகின்றான். அக்கல் பின்னர்க் கல்கத்தா பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தது. புத்தர்பெருமான் வரங்கொடுக்கும் தெய்வமல்லரே என்று வாதிப்போர் வாதிக்கட்டும். கொள்கையால் வேண்டுதல் கூடாது என்று அறிந்தவனும், அலையின்முன் நிற்கும்போது வேண்டாமலிருக்க முடியவில்லை. அவன் ஊர் போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, கல் சொல்லவில்லை.

அடியான் ஆண்டவனிடம் அடைக்கலம் புகுந்த கதை இது. இதன் மறுபக்கத்தைக் காண, இதே மேலைக் கடற்கரையில் வடக்கே போகவேண்டும். இன்று தாய்லாந்தைச் சேர்ந்த தக்குவாப்பாவில், திருமால் முதலிய சிலைகள் கிடந்த இடத்தருகே, ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சிதைந்த கல், சில வரிகளே. நாங்கூரைச் சேர்ந்த தலைவன் ஒருவன் குளம் தோண்டினான். அதற்கு அவனிநாரணம் என்று பெயர். அவனிநாரணன் என்பது தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அக்குளம் மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம் என்று அக்கல் கூறுகின்றது. மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் படைவகுப்பினர். கடல் கடந்து வந்த இடத்தில், தங்களுக்கே நிலையான கூரை இல்லாத மனிதர்களிடத்தில், ஒரு நீர்நிலை அடைக்கலமாக வைக்கப்பெற்றது. தெய்வம் வாழும் இடத்துக் குளத்தைத் தெய்வமே காத்துக்கொள்ளும் என்று அவர்கள் எழுதவில்லை. காக்கவேண்டியவர் இன்னார் என்று பேர் சொல்லி எழுதினார்கள்.

மெர்போக் கோயிலிலும் இதற்கொரு சான்று உண்டு. லாம்ப் அவர்கள் கற்களைப் பிரித்தடுக்கியபோது, கட்டடத்தினுள்ளே புதைத்து வைத்திருந்த கற்பேழைகள் சில வெளிப்பட்டன. கருங்கல்லைக் குடைந்து மூடியிட்ட அப்பேழைகளுள் செம்புக் கலயமும், சிறு பொற்பொருளும், வெள்ளியும், மணிகளும் இருந்தன. கோயில் எடுக்குங்கால் இவ்வாறு வைப்பதைக் கர்ப்பந்நியாசம் என்று சிற்ப நூலார் கூறுவர். வைத்தவன் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. வைத்த அன்றே கல்லால் மூடினான். அதன்மேற் சுவர் எழுந்தது. அவன் மகனும் அதைப் பார்த்திருக்க முடியாது. ஊரார் காண வைத்த பொருளன்று அது. ஒரு குழல்விளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் மறையும்படி அதன்மேல் தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் தீட்டும் நம் காலத்து உபயகாரர்கள் ஒருமுறை மெர்போக்கிற்குப் போய்வருதல் நலம்.

இது நிற்க. கடாரத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே நடந்த மற்றொரு அடைக்கலக் கதை நாகப்பட்டினத்தில் உள்ளது. அதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுக்கத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கன் காலத்தில் அது நிறைவெய்தி, சூளாமணி விகாரம் எனத் தந்தையின் பெயர் பெற்றது. தன் நாட்டிலிருந்து சென்று தங்கும் வணிகர் தொழுவதற்காக இருக்கலாம். சோழனுடைய நட்பைப் பெறுவதற்காகவும் இருக்கலாம். மன்னர்களின் பக்தியில் இரண்டும் கலந்திருப்பது புதுமையன்று. சைவனாகிய இராசராச சோழன், தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்திற்கு அளித்தான். 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் அவ்வூரின் காணிக்கடன். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்தார்கள். ஆயினும் செப்பேட்டில் ஏறுமுன் இராசராசன் மறைந்தான். தந்தை வாயாற் சொன்னதை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைபெறச் செய்தான். அவை பின்னாளில் ஒல்லாந்தர் வழியாக லெய்டன் நகர் போய்ச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப்பட்டன. அதே காலத்தில் கடாரத்தரசனின் அதிகாரிகள் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கு வெள்ளித் திருமேனிக்குரிய அணிகலமும் சீனப்பொன்னும் அளித்தனர். சைவன் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்தான்; பௌத்தன் சிவன் கோயிலுக்குக் கொடுத்தான்.

பின்பு நடந்தது நேயர்கள் அறிந்ததே. 1025 இல் அதே இராசேந்திரன் பல கலங்களைச் செலுத்திக் கடாரத்தைத் தாக்கினான். கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கனை அவன் யானைகளோடு பிடித்ததாகவும், பெரும்பொருள் கவர்ந்ததாகவும் சோழன் மெய்க்கீர்த்தி பெருமை பேசுகின்றது. நம்மவரிற் பலர் இதனைப் பேசும்போது மார்பை நிமிர்த்துகின்றனர். "கடாரம் கொண்டான்" என்று மேடையில் முழங்குவோர், ஆனைமங்கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கேட்டதில்லை. நட்பென்று வந்த அரசனின் நாட்டைக் கொள்ளையிட்டதில் பெருமை யாதென்று நமக்கு விளங்கவில்லை.

ஆனால் இங்கேதான் சரித்திரம் நம்மை நிறுத்திப் பார்க்கச் செய்கின்றது. அரசரிடையே நம்பிக்கை முறிந்தது. விகாரத்தின் அடைக்கலம் முறியவில்லை. போர் நடந்து 65 ஆண்டுகளுக்குப் பின், 1090 இல், கடாரத்தரசனின் தூதுவர் கேட்டுக்கொண்டபடி, முதற் குலோத்துங்கன் அப்பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிவிலக்கை மீண்டும் உறுதிசெய்தான். சிறிய லெய்டன் செப்பேடுகள் அதற்குச் சான்று. அதற்குள் அப்பள்ளி சோழ அரசரின் பெயராலேயே இராசராசப் பெரும்பள்ளி என்று வழங்கலாயிற்று. தெய்வத்தின் பெயரால் ஒப்புக்கொண்ட கடமையைப் பகைவனும் காத்தான். அல்லது காக்காமல் விடுவதற்கு நாணினான். இரண்டில் எதுவாயினும் நமக்குச் சம்மதமே.

அதே நாகையின் கடற்கரைச் சேரியில் வாழ்ந்தவராக அதிபத்த நாயனாரைச் சேக்கிழார் பாடினார். பரதவர் குலத்தவர். நாள்தோறும் வலையில் விழும் மீன்களுள் சிறந்ததொன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவார். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஒரே மீன்தான் விழுந்தது; அதையும் விட்டார். சுற்றம் பசித்தது, அவரும் பசித்தார். முடிவில் பொன்னும் மணியுமாகிய மீன் ஒன்று விழுந்தது; அதையும் விட்டார். இக்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நாம் கவனிப்பது வேறு. அந்நாயனார், ஒரு மீன் விட்டேன், பத்து மீன் கொடு என்று கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. அப்பரடிகளும் கடம்பூர்ப் பதிகத்தில் கணக்கைத் தெளிவாகப் பிரித்துவிட்டார்: அடியவரைத் தாங்குவது இறைவன் கடன், பணி செய்வது தம் கடன். அவரவர் கடனை அவரவர் பார்த்துக்கொள்வது. ஒருவர் மற்றவரைத் தராசில் நிறுத்துவதன்று. நேர்த்திக்கடன் என்று நாம் இன்று சொல்லுவதிலும் கடன் என்ற சொல் இருக்கின்றது. ஆனால் அது வட்டிக்கடைக் கடனாக மாறிவிட்டது. மகன் பரீட்சையில் தேறினால் ஒரு கிடாய். லாட்டரி விழுந்தால் வெள்ளிக் கவசம். தெய்வத்தோடு பேரம் பேசத் தரகரும் உண்டு. அவர் தம் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கின்றார்.

நம் தோட்டங்களுக்கு வருவோம். இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடாவில் காடழித்துப் பால்மரம் நட்டபோது, கங்காணியின் பின்னே வந்தவர்களிடம் ஒரு மூட்டைத் துணியும், ஊர்த் தெய்வத்தின் பெயருமே இருந்தன. ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மஞ்சள் தடவி மாரியம்மன் என்றார்கள். லயத்தின் எல்லையில் சூலத்தைக் குத்தி முனியாண்டி என்றார்கள். அத்தெய்வம் இருந்த நிலம் கம்பெனிக்குச் சொந்தம். தெய்வமும் கூலியைப் போலவே துரையின் அனுமதியில் குடியிருந்தது. இவ்வாறு ஒருவர்க்கொருவர் ஆதரவன்றி வேறில்லாத இரு தரத்தார் ஒரு மரத்தடியில் சந்தித்தனர். கோயிற் காரியத்தில் கங்காணிகள் செய்த அதிகாரமும், முதல் மரியாதைக்காக நடந்த சண்டையும், திருவிழாச் செலவுக்குப் பட்ட கடனும் நமக்குத் தெரியாதவையல்ல. அவற்றை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. ஆயினும் காலை நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போகுமுன் அம்மன் வாசலில் ஒரு திரியைக் கொளுத்திவிட்டுப் போன பெண்ணின் கையில் அதிகாரம் இருக்கவில்லை.

அந்நம்பிக்கைக்கு வந்த பெருஞ்சோதனை சயாம் மரண ரயில். 1942 முதல் 1943 வரை, ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோயினர். வாந்திபேதியிலும், காய்ச்சலிலும், பட்டினியிலும், அடியிலும் பல்லாயிரவர் மாண்டனர். போனவர் திரும்பவேண்டுமென்று லயத்துப் பெண்கள் வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை. திரும்பியவர் வீட்டில் பொங்கல் வைத்தார்கள். திரும்பாதவர் வீட்டில்? அவ்வீட்டாரும் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு வந்தார்கள் என்று நாம் முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். ஒரு மூதாட்டியார், தாம் மூன்று ஆண்டு அக்கோயிற் பக்கமே திரும்பாமலிருந்து, நான்காம் ஆண்டு அம்மன் பீடத்தில் புல் முளைத்திருப்பதைக் கண்டு பிடுங்கப் போனதாகச் சொன்னார். "அவ என் புருசனைக் காப்பாத்தல. அதுக்காக நான் அவளைப் புல்லுக்கு விட்டுடலாமா?" என்பது அவர் மொழி. இதற்கு எந்தச் சமயவாதி என்ன விடை கூறுவான் என்று நமக்குத் தெரியவில்லை. ஆண்டவன் வாக்குத் தவறினானா என்ற வினாவை அவர் விட்டுவிடவில்லை. அதை வைத்துக்கொண்டே புல்லைப் பிடுங்கினார்.

பின்னர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் துண்டாடல் வந்தது. வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாயின. அதன்பின் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போயினர். மரத்தடித் தெய்வத்திற்கு நிலப்பட்டா இல்லை. சில கோயில்கள் வேறிடம் பெயர்ந்தன, சில உடைபட்டன, சில செம்பனை நடுவே தனித்து நின்றன. இப்போது தெய்வம் அடைக்கலம் கேட்கும் முறை வந்தது. கேட்டது யாரிடம்? வீட்டு வாடகைக்கே அலைகின்ற மனிதனிடம்.

தோட்டக் கோயிலுக்கு மட்டுந்தான் இக்கதி என்று எண்ணவேண்டா. 2013 இல், இதே புஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துப் பகுதியில் 11 ஆம் எண்ணிட்ட பழங்கோயிலின் அடித்தளம் வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரமாண்டுப் பழமையென்று மதிக்கப்பெற்றது அது. செய்தி வெளிவந்தபின் நாடெங்கும் கூச்சல் எழுந்தது. அதற்குமுன் அவ்விடத்தைப் போய்ப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? கடலுக்கப்பால் நாகப்பட்டினத்திலும் இதுவே நடந்தது. கடாரத்தரசன் எடுத்த பௌத்தப் பள்ளியின் எஞ்சிய கோபுரம் என்று கருதப்பட்ட செங்கற் கட்டடத்தை 1867 இல் அரசாங்க அனுமதியோடு இடித்துவிட்டனர். அவ்விடத்தைச் சுற்றிப் பூமியிலிருந்து நூற்றுக்கணக்கான செப்புப் புத்தர் திருமேனிகள் வெளிப்பட்டன. யாரோ சிலர், காலம் மாறியபோது, அவற்றை உருக்கி விற்காமல் மண்ணுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். திரும்ப எடுக்க அவர்கள் வரவில்லை. மண் அவ்வடைக்கலத்தை நூற்றாண்டுகள் காத்தது.

மெர்போக்கிலிருந்து திரும்பும் வழியில், முன்னே குறிப்பிட்ட அக்குடும்பத்தார் தங்கள் பழைய தோட்டத்தைக் காட்டுவதற்கு நம்மை அழைத்துப் போனார்கள். லயம் இருந்த இடம் தெரியவில்லை. செம்பனை வரிசைகளுக்கிடையே நான்கு சிமெண்டுத் தூணும் ஒரு தகரக் கூரையும் நின்றன. உள்ளே சூலம், அதன் அடியில் புதிய எலுமிச்சம்பழம். சுங்கை பட்டாணியில் காவற்காரர் வேலை செய்யும் அவர்களுடைய பழைய அயலார் ஒருவர், இரவு வேலை முடிந்ததும், வெள்ளிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வந்து பெருக்கிவிட்டுப் போவாராம். தென்னந்துடைப்பம் ஒன்று தூணிற் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பையன் அதை எடுத்து, உள்ளே விழுந்து கிடந்த சருகை வெளியே தள்ளினான்.